சேவூர்க் கிணற்றில் ஒரு சிவப்புப் படகு

படகு கவிழ்ந்து கிடந்தது. அடிப்பாகம் மேலே இருந்தது, எங்க வீட்டுக்காரர் கீழே இருந்தார்.

சேவூரில் என் அப்பாவுடைய தோட்டத்துக் கிணறு அது. நாலு பக்கமும் கல் கட்டி, ஒரு பக்கம் படி வைத்த பெரிய கிணறு. ஐப்பசி மழை நன்றாகப் பிடித்த வருஷம் என்பதால் தண்ணீர் மேலேறி நின்றது. காலை வெயில் தண்ணீரில் பட்டு, படகின் சிவப்பு வயிறு பளபளவென்று மின்னியது.

படியில் நாங்கள் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தோம். நான், தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் என் தம்பி மூர்த்தி, எங்கள் பனியன் யூனிட்டின் சாம்பிள் டெய்லர் ஸ்டீபன். ஒருவரும் பதறவில்லை. கவிழ்வதுதான் அன்றைய திட்டமே.

"நான் கவுந்ததும் முன்னால இருக்கற வளையத்தைப் புடிச்சு இழுப்பேன். மூடி கழண்டுக்கும். பத்து எண்றதுக்குள்ள என்ற தல வெளிய தெரியும்" என்று சொல்லிவிட்டுத்தான் கவிழ்ந்தார்.

ஸ்டீபன் சத்தமாக எண்ணினான். பத்து வந்தது. தலை வரவில்லை.

"வெரசா எண்ணிப்புட்டேனோ?" என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தான்.

அவர் அங்கேயே கொஞ்சம் இருக்கட்டும். புருஷனைத் தண்ணிக்குள்ளே விட்டுட்டு என்ன பேச்சு என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அவர் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார் என்று சொன்னால்தான், ஏன் வெளியே வரவில்லை என்பது விளங்கும்.

லேபிள் வியாதி

எங்க வீட்டுக்காரர் சிவசாமிக்கு ஒரு வியாதி உண்டு. டாக்டரிடம் காட்ட முடியாத வியாதி. யார் காலரிலாவது லேபிள் வெளியே எட்டிப் பார்த்தால் அவர் கை தானாக நீளும். உள்ளே தள்ளிவிட்டுத்தான் மறுவேலை. தெரிந்த ஆளா, தெரியாத ஆளா, பஸ்ஸா, கோயிலா என்ற பேதமெல்லாம் கிடையாது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு என் அப்பாவின் சட்டை லேபிளை உள்ளே தள்ளினார். மாப்பிள்ளை ரொம்ப ஒட்டுதலான பையன் என்று அப்பா நினைத்துக்கொண்டார். கல்யாணம் முடிவானதில் அதற்கும் பங்கு உண்டு.

மடத்துக்குளத்திலிருந்து இளவட்டமாகத் திருப்பூர் வந்து, செக்கிங்கில் சேர்ந்தவர் அவர். செக்கிங் என்றால், தைத்து வந்த பீஸை மேஜையில் விரித்துப் போட்டுக் குற்றம் கண்டுபிடிக்கிற வேலை. மாமியார்களுக்குச் சம்பளமில்லாமல் வருகிற வேலைதான், இங்கே சம்பளத்தோடு. அந்த மேஜையின் சட்டம் ஒன்றே ஒன்று. வெளியே தொங்குவதெல்லாம் குற்றம். நூல் தொங்கினால் வெட்டு, லேபிள் தொங்கினால் உள்ளே தள்ளு, ஹேங்கரில் மாட்டும் வளையம் தொங்கினால் உள்ளே மடி. வருஷக்கணக்கில் அப்படிப் பழகின கை வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா இருக்குமா?

கல்யாணமான புதிதில் ஊட்டிக்குப் போனோம். குளிருக்குப் புது ஸ்வெட்டர் போட்டிருந்தேன். பஸ் வளைந்து வளைந்து மலை ஏறும்போது அவர் கை மெதுவாக என் கழுத்துக்குப் பின்னால் வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தேன். லேபிளை உள்ளே தள்ளிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"வெளிய நின்னுட்டு இருந்துச்சு" என்றார்.

ஊட்டி வரைக்கும் நான் தேயிலைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே போனேன்.

பிறகு எங்களுக்கென்று ஒரு சின்ன யூனிட் வந்தது. செக்கிங் என் பொறுப்பானது. அதனால் என் கழுத்தில் எப்போதும் ஒரு ட்ரிம்மர் தொங்கும். நூல் பிசிறு வெட்டுகிற சின்னக் கத்திரி, டேப்பில் கட்டியது. ஒருமுறை வளைகாப்புக்கே அதோடு போய் உட்கார்ந்துவிட்டேன்.

"அதைய உள்ள போடு கலா, தொங்குது பாரு" என்று அவர் சொல்லாத நாள் கிடையாது. மனுஷன் சொன்னதில் அதை மட்டும் நான் கேட்டதில்லை. வேண்டும்போது கைக்கு வராத கத்திரி எதற்குங்க?

வேலியில போன ஓணான்

எல்லாம் ஒரு ஆர்டரில் ஆரம்பித்தது. தண்ணீர் விளையாட்டுக்குப் போடுகிற, உடம்போடு ஒட்டிய முழுக்கை பனியன். கேட்டவர்கள் துணியோடு சில ஃபோட்டோவும் அனுப்பியிருந்தார்கள். பாறையும் நுரையுமாக இறங்குகிற காட்டாறு. நடுவில் ஒரு ஆள், தன் நீளத்தைவிடக் கொஞ்சம் பெரிய படகில், இடுப்புவரை உள்ளே புதைந்து, ரெண்டு பக்கமும் தகடு வைத்த துடுப்போடு. கயாக் என்று பேராம்.

"இவன் கவுந்தா எப்படி வெளிய வருவான்?" என்றார் வீட்டுக்காரர்.

ஆர்டரில் அது கேட்கப்படவில்லை. ஆனால் அந்தக் கேள்வி அவரை விடவில்லை. அப்போதுதான் ஆபீஸை எங்கள் மகள் காவ்யா கையில் எடுத்திருந்தாள். இவர் எதைத் தொட்டாலும் "நீங்க உக்காருங்கப்பா" என்றாள். உட்கார்ந்தே பழக்கமில்லாத மனுஷர். எங்கள் பக்கத்தில் வேலை ஓய்ந்த ஆம்பளை, ஒன்று, இடம் வாங்குவான், இல்லையென்றால் கோயில் கட்டுவான். இவர் படகு வாங்கினார்.

கேரளாவில் மழைக்கால ஆறுகளில் படகு விடுகிற ஜோஸ் என்பவரிடம் ஃபோனிலேயே பேசிப் பழைய படகு ஒன்றை முடித்துவிட்டார். அது பார்சலில் வந்து சேர்ந்தது. பார்சல் ஆபீஸிலிருந்து எனக்குத்தான் கூப்பிட்டார்கள்.

"அக்கா, உங்களுக்கு ஒரு பார்சலுங்க. என்ன சரக்குன்னு புரியலீங்க."

"படகுங்க."

"என்னதுங்க?"

"படகு."

அந்தப் பையன் "நொய்யல்லயாங்க?" என்று மெதுவாகக் கேட்டான். சாயத் தண்ணி ஓடுகிற எங்கள் ஊர் ஆறு அது. அவன் குரலில் இரக்கம் இருந்தது. பனியன் பேல் மூட்டைகளுக்கு மேலே படுத்துக்கொண்டு அது எங்கள் யூனிட்டுக்கு வந்து இறங்கியபோது, ஷிப்டு விட்டுப் போன ஆட்களெல்லாம் திரும்பி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

யானை வாங்கினவன் அங்குசத்துக்கு யோசிப்பானா? துடுப்பு வந்தது. ஹெல்மெட் வந்தது. காதையும் மூடுகிற ஹெல்மெட். "கவுந்தா தல பாறையில இடிக்கும்ல" என்று விளக்கம். மிதக்கிற ஜாக்கெட் வந்தது. நானும் மூர்த்தியும் முதுகில் காய்ந்த சுரைக்காயைக் கட்டிக்கொண்டு சேவூர்க் கிணற்றில் நீந்தப் பழகினவர்கள். அந்த ஜாக்கெட்டும் அதே வேலையைத்தான் செய்கிறது, பக்கிள் மட்டும் நாலு கூடுதல். தண்ணீரில் அடித்துக்கொண்டு போகிறவனுக்கு வீசுவதற்கு, பைக்குள் சுருட்டின கயிறு ஒன்று வந்தது. அதைப் பிரித்துப் பார்க்கவே விடவில்லை. "பாலிபேக்ல இருக்கட்டும் கலா, பீஸ் புதுசாவே இருக்கும்" என்றார். பாலிபேக்கைப் பிரித்தால் சரக்கின் ஆயுசு போய்விடும் என்பது திருப்பூர்க்காரன் நம்பிக்கை.

ஒரு விஷயத்தில்தான் ஆடிப்போனார். தண்ணீருக்குப் பருத்தி ஆகாது என்று ஜோஸ் சொல்லிவிட்டார். பருத்தி தண்ணீரைக் குடித்துக்கொண்டு கனக்குமாம், உடம்பைச் சில்லிட வைக்குமாம். பருத்தியில் சோறு தின்றவர், பருத்தியில் மகளைப் படிக்க வைத்தவர். அன்றைக்கு ராத்திரி ரெண்டு தோசையோடு எழுந்துவிட்டார். "பனியன் போட்டா செத்துப் போவேனாமா" என்று கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

முதலாளிக்குப் பாவாடை

இந்தச் சாமான்களில் ஒன்றைப் பற்றி மட்டும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஸ்ப்ரே ஸ்கர்ட் என்பார்கள். கெட்டியான ரப்பர் துணியில் தைத்த குட்டைப் பாவாடை. அதை இடுப்பில் மாட்டிக்கொண்டு படகில் உட்கார வேண்டும். பாவாடையின் விளிம்பில் ரப்பர் கயிறு ஓடும். அதை இழுத்துப் படகின் குழியைச் சுற்றி மாட்டினால், ஊறுகாய் ஜாடிக்குத் துணி கட்டின மாதிரி இறுகிக்கொள்ளும். சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது.

ஆளும் வெளியே வரமுடியாது. அதற்காகத்தான் முன்பக்கம் ஒரு பட்டை வளையம் வெளியே தொங்கும். கவிழ்ந்தால் அதைப் பிடித்து இழுக்க வேண்டும். மூடி கழன்று ஆள் வெளியே வந்துவிடலாம். அந்த வளையம்தான் உயிர் என்று ஜோஸ் ஃபோனில் சொன்னதை நானே கேட்டேன்.

பழைய படகோடு வந்த பாவாடை நைந்துபோயிருந்தது. "இதென்ன பெரிய வித்தையா, நாமளே தைக்கலாம்" என்றார். அதைப் பிரித்து அளவெடுத்துத் தைத்தது ஸ்டீபன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், எங்களிடம் வந்து பல வருஷம் ஆகிறது. முதலாளியின் இடுப்பை அளவெடுக்கும்போது அவன் முகத்தில் ஒரு சுருக்கம் கூட இல்லை. டேப்பை மடித்து வைத்துவிட்டுத்தான் கேட்டான்.

"நாடா வைக்கணுமா மொதலாளி, எலாஸ்டிக் போதுமா?"

கட்டிங் மேஜையில் யாரோ தும்முகிற மாதிரிச் சிரித்தார்கள். அன்றிலிருந்து யூனிட்டில் முதலாளிக்குப் பாவாடை என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

பீஸ் அருமையாக வந்தது. ஏற்றுமதித் தரம் வேண்டும் என்று ஸ்டீபன் விளிம்பைக் கூடுதலாகவே இறுக்கியிருந்தான். வளையத்துக்கு நல்ல சிவப்புப் பட்டை. செக் பண்ணிப் பாஸ் போட்டது நான்தான். ஒரு பிசிறு கிடையாது.

எங்கே கவிழ்வது

தானாகக் கவிழ்ந்து தானாக வெளியே வரத் தெரிந்தால்தான் ஆற்றில் இறக்குவேன் என்று ஜோஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இங்கே வாங்க, நானே குளத்தில் சொல்லித் தருகிறேன்" என்றும் சொன்னார். அடுத்த மாதம் போவதாக இருந்தது. அடுத்த மாதம் வரை பொறுக்க ஆள் தயாராக இல்லை.

நொய்யல் என்று யாரும் பேச்சுக்குக் கூடச் சொல்லவில்லை. அவர் ஊர்ப் பக்கத்து அமராவதி அணையில் முதலை உண்டு. மிஞ்சியது என் பிறந்த வீட்டுக் கிணறு. மூர்த்திக்கு ஃபோன் போட்டார்.

"மாப்ள, உங்க கெணத்துல ஒரு படகு உடோணும்."

"உடுங்க மச்சான்" என்றான் மூர்த்தி. என் தம்பிக்கு எதற்குமே விளக்கம் வேண்டாம். "மோட்டாரை நிறுத்தி வெக்கட்டுங்களா?"

ஞாயிற்றுக்கிழமை காலை டெம்போவில் படகு முன்னே போனது, நாங்கள் காரில் பின்னே போனோம். கயிறு கட்டிக் கிணற்றில் இறக்கினோம். அவர் ஹெல்மெட், ஜாக்கெட், பாவாடை சகிதம் படி இறங்கியபோது, பக்கத்துத் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். மரியாதை என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார்.

படகில் உட்கார்ந்து, பாவாடையை விளிம்பில் மாட்டிக்கொண்டார். கிணற்றுக்குள் ரெண்டு சுற்றுச் சுற்றினார். நன்றாகத்தான் சுற்றினார். ஐம்பதைத் தாண்டின மனுஷன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்து நாளாகியிருந்தது. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"ஃபோட்டோ எடு ஸ்டீபா, காவ்யாளுக்கு அனுப்பலாம்" என்றார்.

ஸ்டீபன் படியில் குந்தி ஃபோனைப் பிடித்தான். "மொதலாளி, கொஞ்சம் நிமுந்து இருங்க."

அவர் நிமிர்ந்தார். குனிந்து தன்னை ஒருமுறை பார்த்துக்கொண்டார். முன்னால் எதையோ இழுத்து உள்ளே மடித்துச் செருகி, மேலே உள்ளங்கையால் நீவிவிட்டார். சிரித்தார். ஃபோட்டோ எடுத்தாயிற்று.

ஃபினிஷிங் நன்றாக இருக்கிறது என்று நான் நினைத்தேன். அப்புறம் கவிழ்ந்தார்.

தண்ணிக்குள்ளே

இப்போது ஸ்டீபனின் இரண்டாவது எண்ணிக்கைக்கு வருவோம். அதுவும் பாதி தாண்டியிருந்தது. படகு ஒருமுறை குலுங்கியது. உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டுகிற மாதிரிச் சத்தம் வந்தது.

"அக்கா, மச்சான் வாரதாட்டத் தெரியலையே" என்று மூர்த்தி சொல்லி முடிப்பதற்குள் நான் குதித்துவிட்டேன். மூர்த்தி பின்னாலேயே குதித்துப் படகை நிமிர்த்தப் பார்த்தான். காலூன்ற இடமில்லாத தண்ணீரில் எதை நிமிர்த்துவது? அவன் ஒரு பக்கம் தூக்க, அவனே அமிழ்ந்தான். மேலே ஸ்டீபன் கயிற்றுப் பையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். பாலிபேக் பிரியவில்லை. "ஏசப்பா, ஏசப்பா" என்று பல்லால் கடித்துக்கொண்டிருந்தான்.

உள்ளே தண்ணீர் பச்சையாக இருந்தது. அவர் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார். கண் ரெண்டும் திறந்திருந்தது. ஜாக்கெட் அவரை மேலே தள்ளிப் படகோடு அழுத்தியது. அவர் கை ரெண்டும் பாவாடையின் முன்பக்கத்தைத் தடவிக்கொண்டே இருந்தன. திரும்பத் திரும்ப அதே இடம்.

அதே கை ஃபோட்டோவுக்கு நீவிவிட்ட இடம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாவி மனுஷன், வளையத்தை உள்ளே மடித்துச் செருகியிருக்கிறார். தொங்குகிறது என்று!

நானும் தடவினேன். இழுக்க ஒரு இடமும் இல்லை. வழவழவென்று, அவ்வளவு சுத்தமான ஃபினிஷிங். நகத்தை விட்டால் கூட உள்ளே போகாதபடி ஸ்டீபன் இறுக்கியிருந்தான். எனக்கு மூச்சு முட்டியது. அவர் என் கையைப் பிடித்தார். அந்தப் பிடியில் இருந்த பயத்தை இப்போது எழுதும்போதும் என் மணிக்கட்டில் உணர்கிறேன். இந்த ஆள் இல்லாமல் படியேற மாட்டேன் என்று மட்டும் தெரிந்தது.

முகத்துக்கு முன்னால் ஏதோ மிதந்து வந்து மூக்கில் இடித்தது. ட்ரிம்மர்.

கழுத்து டேப்போடு அதைப் பிடித்தேன். ரப்பர் துணியை அது வெட்டாது. ஆனால் அந்தத் துணியை இறுக்கிப் பிடித்திருப்பது விளிம்பில் ஓடுகிற கயிறுதான் என்று பாஸ் போட்டவளுக்குத் தெரியும். கத்திரி முனையை விளிம்பில் குத்தி, கயிற்றுக்கு அடியில் கொடுத்து நெரித்தேன். ஒருமுறை வழுக்கியது. மறுமுறை கயிறு படாரென்று அறுந்து என் கையில் அடித்தது. பாவாடை மொத்தமும் தளர்ந்து வாயைத் திறந்தது. அவர் படகிலிருந்து என் மேலேயே விழுந்தார்.

ரெண்டு பேரும் மேலே வந்தோம். மூர்த்தி ஜாக்கெட்டைப் பிடித்துப் படிக்கு இழுத்தான். அதே நேரம் பாலிபேக் பிரிந்து, ஸ்டீபன் வீசிய கயிறு மூர்த்தியின் தலையில் விழுந்தது.

அவர் படியில் குப்புறப் படுத்து, தண்ணீரைக் கக்கிக் கக்கி இருமினார். நான் அவர் முதுகில் ரெண்டு அடி போட்டேன். தண்ணீர் வெளியே வரட்டும் என்று போட்டதாக மற்றவர்கள் நினைத்தார்கள். அப்புறம் ஹெல்மெட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். காதை மூடின ஹெல்மெட், அவருக்குக் கேட்டதோ என்னவோ.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து உட்கார்ந்தார். இடுப்பில் தொங்கிய பாவாடையின் அறுந்த விளிம்பைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே மடிந்து கிடந்த சிவப்பு வளையத்தையும் பார்த்தார். எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். மூர்த்தி எழுந்தான்.

"மோட்டாரைப் போட்டறட்டுங்களா மச்சான்? வாழைக்குத் தண்ணி உடோணும்."

அவிநாசி ரோடு

காரை நான்தான் ஓட்டினேன். படகோடு ஸ்டீபன் டெம்போவில் வந்தான். தோட்டத்து வீட்டில் என் அம்மா கொடுத்த துண்டைப் போர்த்திக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ரெண்டு பேர் துணியும் சீட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. என் சுடிதார் பருத்தி. ஜோஸ் சொன்னது சரிதான், கனக்கத்தான் செய்தது.

சேவூர் தாண்டியும் எனக்குள் கோபம் கொதித்துக்கொண்டிருந்தது. இனி இந்தப் படகு நம்ம வாசப்படி ஏறக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்ப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. பார்வை என் தோளுக்குப் பின்னால் போனது. எனக்கு அந்தப் பார்வை தெரியாதா? கிணற்றில் குதித்து ஏறின கோலத்தில் சுடிதார் லேபிள் வெளியே வந்திருக்கும். ட்ரிம்மர் ஒரு பக்கம், துப்பட்டா ஒரு பக்கம், எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் கை மெதுவாக என் கழுத்துக்குப் பின்னால் வந்தது. தொடட்டும், இன்றைக்கு இந்தக் கையை ஒடித்துவிடுகிறேன் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

கை லேபிளைத் தொடவில்லை. சில்லென்று என் கழுத்தில் வந்து உட்கார்ந்தது.

"வெளிய நிக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"நிக்குது" என்றார். "நிக்கட்டும்."

அவிநாசி வரைக்கும் அவர் கையை எடுக்கவில்லை.